ஓரிரவு தங்கும் கவலை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. பட்டுத் தறிகளின் ஊர். அதன் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தினான். சீடனைப் பிரிய மனமில்லாமல் ஆழ்வாரும் கிளம்பினார். அவர் அழைக்க, பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை' என்று பெயர் பெற்று, பிறகு ஓரிக்கை ஆயிற்று. மன்னன் தவறை உணர்ந்து வேண்ட, எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள் என்று முடிகிறது கதை.

இந்தப் பெயரைக் கேட்கும் கிறிஸ்தவர்களுக்கு முப்பதாம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம் நினைவுக்கு வரலாம். மாலையில் வரும் அழுகை இரவு தங்கிப் போகும், காலையில் மகிழ்ச்சி வரும் என்பது அதன் கருத்து. அழுகையை அந்த வசனம் ஒரு வழிப்போக்கனைப் போலக் காட்டுகிறது. இராத் தங்க இடம் கேட்டு வந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிட முடியாது.

ஆனால் வாழ்க்கையில் பல நேரம் அந்த வழிப்போக்கன் திண்ணையை விட்டு நகர்வதே இல்லை. "என்னால் எந்தப் பயனும் இல்லை." "நான் தொட்டது எதுவும் விளங்காது." "ஆண்டவர் என்னை மறந்துவிட்டார்." இப்படி ஒரு எண்ணம் வருகிறது. நாள் கணக்கில் தங்குகிறது. பிறகு அதுவே வீட்டை ஆள ஆரம்பிக்கிறது. அப்போது என்ன செய்வது?

"நல்லதையே நினையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது சுலபம். வேதம் சொல்வது வேறு. எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று பவுல் பிலிப்பியர் 4:8இல் ஒரு பட்டியல் தருகிறார். ஒழுக்கம், நீதி, கற்பு, அன்பு, நற்கீர்த்தி எல்லாம் அதில் உண்டு. ஆனால் முதலில் நிற்பது உண்மை. மனதுக்கு இதமாக இருந்தால் மட்டும் போதாது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். இதமான பொய்யை வைத்துக் கசப்பான பொய்யை விரட்டினால், அது சில நாட்களில் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், 1895இல் இந்தியா வந்தார். 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் தங்கி, ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'. ஓயாமல் நடந்து, ஓயாமல் வேலை செய்து பழகியவர். 1931 அக்டோபர் 24 அன்று, பக்கத்து ஊரான களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கிய வெளிச்சத்தில் பள்ளம் தெரியாமல் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது வயது 63. அதன் பிறகு அவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. 1951 ஜனவரி 18இல் மறையும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழித்தார்.

அவருக்குச் சுகம் கிடைக்க வேண்டும் என்று டோனாவூர் முழுவதும் ஜெபித்தது. எதிர்பார்த்த சுகம் வரவில்லை. "நாளைக்கு எழுந்துவிடுவேன்" என்ற ஒரே எண்ணத்தில் அவர் நம்பிக்கையை வைத்திருந்தால், அந்த நம்பிக்கை முதல் சில ஆண்டுகளிலேயே செத்திருக்கும்.

அந்த அறையில் இருந்தபடியே அவர் எழுதினார். 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூல் வந்தது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் பல, நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதியவை. வலியில் கிடப்பவரின் மனதில் அவை ஒட்டுவதில்லை என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். அதனால் நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாகவே இதை எழுதினார். வலியை அவர் மறைக்கவில்லை. தூக்கம் வராத இரவுகளை இல்லை என்று சொல்லவில்லை. அந்த இரவுகளிலும் தேவன் கைவிடவில்லை என்பதை அதன் பக்கத்தில் வைத்தார். "நான் குணமாவேன்" என்பது விருப்பம். "நான் கைவிடப்படவில்லை" என்பது அவர் விசுவாசித்த உண்மை. விருப்பம் நிறைவேறாதபோதும் உண்மை அவரைத் தாங்கியது.

இதே பாடத்தை எலியாவின் கதையிலும் பார்க்கலாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், உயிருக்குப் பயந்து ஓடிய எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. உடனே வசனமும் சொல்லவில்லை. முதலில் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. உடம்பு தேறி, ஓரேப் மலை வரை நடந்து போன பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

அங்கே எலியா தன் மனதை அரித்த எண்ணத்தை இரண்டு முறை சொல்கிறார்: நான் ஒருவன் மட்டுமே மிச்சம். அதற்குக் கிடைத்த பதில் பொதுவான ஆறுதல் அல்ல, ஓர் எண். பாகாலுக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் இஸ்ரவேலில் இருக்கிறார்கள். கூடவே செய்ய வேண்டிய வேலையும், துணைக்கு எலிசாவும். எந்த இடத்தில் பொய் இருந்ததோ, சரியாக அந்த இடத்தில் உண்மை வைக்கப்பட்டது.

அன்றாடம் செய்யவேண்டியதும் இதுதான். அதை ஓரிக்கை நெசவாளருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தறியில் ஒரு பாவு முடியும்போது பழைய இழைகளை எல்லாம் அறுத்தெறிந்து தறியைக் காலியாக விடுவதில்லை. பழைய பாவின் நுனியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் ஓர் இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் துணியில் கோடு விழும். எல்லாம் இணைந்த பிறகு மெதுவாக இழுத்தால், பழையது போன வழியிலேயே புதியது வந்து சேரும்.

எண்ணங்களையும் அப்படி ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும். ஒரு நோட்டை எடுத்து, மனதை உறுத்தும் எண்ணத்தை அது வரும் சொற்களிலேயே எழுதலாம். பிறகு அதில் எது நடப்பு, எது பொய் என்று பிரிக்கலாம். "கடன் இருக்கிறது, இந்த மாதம் கட்ட முடியவில்லை" என்பது நடப்பு. அதை எந்த வசனமும் அழிக்காது. அதற்கு வேண்டியது கணக்குப் பார்ப்பதும், கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசுவதும். "கடன்பட்ட நான் மனிதனே இல்லை" என்பது பொய். இங்கேதான் வசனத்துக்கு வேலை. மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டான் என்கிறது ஆதியாகமம் 1:27. கடன் பத்திரம் அதை மாற்ற முடியாது.

"என்னை யாரும் நினைப்பதில்லை" என்ற எண்ணத்துக்கு எதிரே ஏசாயா 49:15ஐ எழுதலாம். தாய் தன் பால்குடிக் குழந்தையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். "செய்த தவறுக்கு இனி மன்னிப்பே இல்லை" என்பதற்கு எதிரே 1 யோவான் 1:9. பத்து வசனங்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பொய்க்கு ஒரு வசனம் என்று ஒரு வாரம் முழுவதும் அதோடு இருப்பது நிலைக்கும்.

பிறர் துயரில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மனவருத்தத்தில் இருப்பவருக்கு முன் பாட்டுப் பாடுவது, குளிர்நாளில் அவர் உடையைப் பறிப்பது போல என்கிறது நீதிமொழிகள் 25:20. வேலை போன கணவரிடமோ, பரீட்சையில் தோற்ற மகளிடமோ வீட்டில் முதலில் நீளவேண்டியது சாப்பாட்டுத் தட்டு. பிறகு காது. வசனம் அதற்கப்புறம். எலியாவிடம் தேவன் நடந்துகொண்ட வரிசை அது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து மறைக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஜெபிப்பதை நிறுத்துவதில்லை, இதுவும் அப்படித்தான். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். எலியாவுக்கு அடையும் தண்ணீரும் கொண்டுவந்த கை, இன்று ஒரு மருத்துவரின் கையாகவும் வரலாம்.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேலின் கல்லறைக்குக் கல்வெட்டு கிடையாது. வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியைப் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள். அதில் 'அம்மா' என்ற ஒரே சொல். இருபது ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவரின் வாழ்க்கை பயனற்றுப் போனதா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லே பதில்.

அவருடைய இரவு நீண்டதுதான். ஆனாலும் இருள் அந்த அறையில் வழிப்போக்கனாகவே இருந்தது, வீட்டுக்காரர் வேறொருவர். இன்று இரவு உங்கள் திண்ணையில் ஒரு கவலை வந்து படுத்திருக்கலாம். அதன் பெயரை நோட்டில் எழுதி, எதிரே ஒரு உண்மையையும் எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் முதல் இழையை முறுக்கலாம்.