தேயட்டுமே!

சீனாவின் செங்டூ நகரில் சிங்யாங் கோங் என்னும் பழைய தாவோ கோயில். அங்கே இரண்டு வெண்கல ஆடுகள். ஒற்றைக் கொம்பு ஆடு 1723-இல் வந்தது; எலிக் காது, புலி நகம், பாம்பு வால் என்று சீன ராசி பன்னிரண்டும் அதன் உடம்பில் உண்டு. நமக்கு எங்கே வலியோ, ஆட்டின் அந்த இடத்தைத் தொட்டால் தீருமாம். பல தலைமுறைக் கைகள் பட்டுப் பொன்னாய் மின்னுகிறது.

"தேய்ந்துவிடுமே, கண்ணாடிக் கூண்டு போடக் கூடாதா?" என்றார் உடன் வந்த நண்பர்.

கூடாது என்பதே என் கட்சி. தண்டவாளத்தோடு காலம் கழித்தவன் நான். தேய்மானம் எனக்கும் தெரியும். தேய்ந்தால் புதிதாக வார்க்கட்டுமே! ஜோடி ஆடே 1829-இல் வார்த்துச் சேர்த்ததுதான். கூண்டுக்குள் போனால் அப்புறம் அது வெறும் பொம்மை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், மூட்டுவலியால் வர இயலாத என் மனைவிக்காக அதன் முழங்காலை இரண்டு முறை தடவிவிட்டுத்தான் வந்தேன்.