கொடி மாறியது, கயிற்றைப் பிடிக்கும் கை?

ஆகஸ்ட் 15 நெருங்கினால் ஊராட்சி அலுவலகங்களுக்கு வெள்ளையடிப்பார்கள். கொடிக்கம்பத்துக்குப் புதுக் கயிறு வரும். தேசியக் கொடியின் வரலாறு பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் பேசுவார்கள். அந்தப் பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு பகுதியை நாம் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூவர்ணக் கொடி ஒரே நாளில் பிறந்ததல்ல. 1907இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மேடம் காமா ஒரு கொடியை விரித்துக் காட்டினார். 1917இல் வந்த ஹோம்ரூல் கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடியும் இருந்தது. 1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொடுத்த கொடியில் இரண்டே நிறங்கள். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்றார்கள். மற்றவர்களுக்காக வெள்ளையையும், கூடவே ராட்டையையும் சேர்க்கச் சொன்னார் காந்தி. எந்த நிறம் யாருக்கு என்ற சச்சரவு ஓயவில்லை. 1931இல் காவி, வெள்ளை, பச்சையை ஏற்ற காங்கிரஸ், இந்த நிறங்களுக்கு மதப் பொருள் இல்லை என்று தீர்மானித்தது.

1947 ஜூனில் ராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்குழு அமைந்தது. அதில் அண்ணல் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர். ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானத்தை முன்மொழிந்தார். ராட்டை இருந்த இடத்துக்குச் சாரநாத் அசோகர் தூணில் இருந்த சக்கரம் வந்தது. 24 ஆரங்கள் கொண்ட அறச்சக்கரம் அது.

ராட்டையை ஒரு பக்கம் நேராக வரைந்தால் மறுபக்கம் திரும்பித் தெரியும். சக்கரம் அப்படியல்ல. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுதான். இந்தக் கொடிக்கு ஊர்ப் பக்கம், சேரிப் பக்கம் என்று இரண்டு பக்கம் கிடையாது.

ஆனால் கொடிக்கம்பம் நிற்கும் இடத்தில்? 2020 சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில்தான் அவரால் ஏற்ற முடிந்தது. தலித் தலைவர்கள் கொடியேற்றுவதில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2022இல் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் நிறைந்த வேளையில் எழுதப்பட்ட கடிதம் அது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தேசியக் கொடியை மரியாதையுடன் பறக்கவிடுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். ஆகவே இதை ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று பேசித் தீர்க்கக் கூடாது. வழக்குப் பதிய வேண்டும். தடுத்தபின் போலீஸ் பாதுகாப்போடு ஏற்றவைப்பதைவிட, தடுக்க நினைப்பவரை முன்கூட்டியே எச்சரிப்பதுதான் நிர்வாகத்துக்கு அழகு.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடியின் நிறங்களை மனப்பாடம் செய்தது போதும். இந்த ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். கயிற்றைப் பிடித்திருப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் கைதானா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று அங்கேயே கேளுங்கள்.