இருக்குமிடம் யாருக்குத் தெரிய வேண்டும்?

காசிமேட்டுத் துறைமுகத்தில் படகு கட்டி நிற்கும் மூத்த மீனவர் ஒருவரிடம், "அண்ணே, நேற்று எந்த இடத்தில் வலை போட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வடக்கே, கொஞ்சம் தள்ளி" என்ற அளவில் மறுமொழி வரும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வாராது. கரையிலே தெரியும் கோபுரம் ஒன்றையும் அதன் பின்னே உயர்ந்து நிற்கும் புகைபோக்கி ஒன்றையும் ஒரே நேராகப் பிடித்து, வேறொரு திசையில் அதுபோலவே இன்னொரு நேர் பிடித்து, இரண்டும் சந்திக்குமிடத்தில் கடலடிப் பாரைக் கண்டறியும் கலை நம் கடற்கரைகளில் தொன்றுதொட்டு வந்தது. தந்தை மகனுக்குச் சொல்வார். அடுத்த படகுக்காரருக்குச் சொல்லார். இன்று ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. மறைவு மட்டும் மாறவில்லை.

ஆனால் அதே மனிதரின் படகு நடுக்கடலில் இயந்திரம் பழுதுபட்டு நிற்கட்டும். தாம் இருக்குமிடத்தை டிகிரி பிசகாமல், நிமிடம் பிசகாமல், வயர்லெஸ்ஸில் உரக்கக் கூவுவார். மீன்பாடுள்ள இடத்தை மறைத்தவரும் அவரே. உயிருக்கு ஆபத்து வந்தபோது ஊரறியச் சொன்னவரும் அவரே. இதில் முரண்பாடு ஏதும் உண்டோ? இல்லையென்றே நான் கருதுகிறேன். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. கைபேசியை ஏந்தி நிற்கும் நமக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே கேள்வி.

புதிய செயலி ஒன்றைத் திறந்தவுடன், "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று அது வினவுகிறது. நம்மில் ஒரு சாரார் படித்துப் பாராமலே இசைந்து விடுகின்றனர். மற்றொரு சாரார் அஞ்சி எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, பின்னர் ஆட்டோ வரவில்லை, வரைபடம் வழிகாட்டவில்லை என்று வருந்துகின்றனர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். வானிலே சுற்றும் செயற்கைக்கோள்கள் நம்மைப் பார்த்துக் கொண்டிருப்பதில்லை. அவை நேரக்குறிப்பை ஒலிபரப்பிய வண்ணம் இருக்கின்றன. கைபேசி அதைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணித்துக் கொள்கிறது. வானொலிப் பெட்டி பாட்டுக் கேட்பது போலத்தான் இதுவும். ஆகவே இடத்தை அறிதல் வேறு, அறிவித்தல் வேறு. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென உருவாக்கிய செயலி, கடல் எல்லையைப் படகு நெருங்கும்போது எச்சரிக்கிறது. இராமேசுவரத்துப் படகோட்டிக்கு இது எத்துணைப் பெரிய உதவி! அந்த எச்சரிக்கைக்கு எல்லைக்கோடும் தன் இடமும் கைபேசிக்குத் தெரிந்தால் போதும். வேறெவருக்கும் தெரிய வேண்டியதில்லை. அறிவித்தல் தொடங்கும் இடத்தில்தான் நாம் விழித்துக் கொள்ள வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் கோடையை இராயபுரம் மறந்திருக்க முடியாது. மே மாத இறுதியில் சென்னை மாநகராட்சி மண்டலங்களிலேயே கொரோனா நோயாளர் மிகுந்திருந்தது இராயபுரம் மண்டலம். அவ்வாண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் மத்திய அரசு 'ஆரோக்கிய சேது' செயலியை வெளியிட்டிருந்தது. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதைப் புளூடூத் வழியாகக் குறித்துக் கொண்டதோடு, இருப்பிடத்தையும் அது கேட்டது. மே முதல் நாள் ஆணையில் அலுவலக ஊழியர்க்கு அது கட்டாயமாக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின், அம்மாதம் 17-ஆம் நாள் ஆணையில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. தெருவுக்குத் தெரு தகரம் அடைக்கப்பட்ட அந்நாளில், நோய் எங்கே பரவுகிறதென அறிய அரசு விரும்பியதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் அதற்கு முன்பே, மார்ச் 20-ஆம் நாள், சிங்கப்பூர் வெளியிட்ட செயலி இருப்பிடத்தைக் கேளாமல், அருகில் இருந்தவரை மட்டுமே குறித்துக் கொண்டது. இடம் கேளாமலும் அந்தப் பணியைச் செய்ய வழியிருந்தது என்பதற்கு அது சான்று.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. நோய்க்காக மட்டுமே என்று சிங்கப்பூர் மக்கள் நம்பித் தந்த அக்குறிப்புகளைக் குற்றப் புலனாய்வுக்கும் காவல்துறை பெறலாம் என்பது 2021 ஜனவரியில் வெளிப்பட்டது. மக்கள் கொதித்தனர். கொடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று அடுத்த மாதமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. குறைவாகத் திரட்டினாலும், திரட்டியது எங்கே போகும் என்ற கேள்வி தீர்வதில்லை.

நம் கையில் உள்ள கைபேசிகளில் நல்ல வசதிகள் சில வந்துள்ளன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று அனுமதியைச் சுருக்கலாம். ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2021 முதலும், துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமாகத் தரவும் இயலும். எண்ணூரில் மழை வருமா என்று சொல்ல, நம் வீட்டுக் கதவெண் எதற்கு? தோராயம் போதும். ஆட்டோ அழைக்கையில் துல்லியம் வேண்டும். ஏறி இறங்கியபின் வேண்டாம். கைவிளக்குச் செயலி இடம் கேட்டால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். விளக்குக்கு எதற்கு விலாசம்!

இனி வீட்டுக்குள் வருவோம். இரவு வேலை முடித்து விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தில் இறங்கும் மகள், வீடு சேரும்வரை தான் வரும் வழியைத் தாய்க்குக் காட்ட வாட்ஸ்அப்பில் வசதி உண்டு. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று அளவுகள் அதில் உள்ளன. இருட்டுச் சாலையில் தனியே நடப்பவளுக்கு அந்தப் 15 நிமிடம் துணையாயிருக்கும். அதையே நாள் முழுதும் வேண்டுமென்று பெற்றோர் கட்டாயப்படுத்தினால் நிலைமை வேறு. கைபேசியைத் தோழி வீட்டில் வைத்துவிட்டுப் போக எந்தப் பிள்ளைக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அப்போது பெற்றோர் பார்த்துக் கொண்டிருப்பது கைபேசியை, மகளை அன்று. உண்மையான ஆபத்து வரும் நாளில் அவள் எங்கே என்பது யாருக்கும் தெரியாமற் போகும்.

மகளைக் கேட்கும் தந்தையார், வேலை முடிந்து தாம் வீடு திரும்பும் வழியையும் இல்லத்தரசிக்குக் காட்ட இசைவாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.