கட்டடத்துக்கு மரியாதை, சாராவுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த அலபாமா பயணக் கட்டுரையில் பர்மிங்காம் நகரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு அரைப்பக்கம் கொடுத்திருந்தீர்கள். படம் அருமை. ஆனால் 1963-இல் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள், இன்று அது தேசிய நினைவுச் சின்னம் என்று இரண்டே வரியில் கட்டுரை அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது சிறுமி சாரா காலின்ஸ் பிழைத்தார். அவருக்கு அலபாமா மாநில அரசு வைத்திருக்கும் பாக்கியைப் பற்றியது இந்தக் கடிதம். கட்டுரையாளரை நான் குறை சொல்லவில்லை. சுற்றுலாக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால் யாருக்கும் அப்படித்தான் எழுத வரும்.

நான் வசிக்கும் ஹன்ட்ஸ்விலிலிருந்து பர்மிங்காம் ஒன்றரை மணி நேரக் கார் பயணம். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு முதல் நாள் ராக்கெட் மையம், மறுநாள் இந்தத் தேவாலயம் என்பது எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. எல்லோரும் கோபுரங்களைப் படம் பிடிக்கிறார்கள். அதில் தவறில்லை, பிடிக்க வேண்டிய கோபுரங்கள்தான். அந்தச் சபை அரசோடு மல்லுக்கட்டியே எழுப்பியவை அவை. பர்மிங்காம் நகரம் உருவானது 1871-இல். இரண்டே ஆண்டுகளில், 1873-இல், கறுப்பின மக்கள் தங்களுக்கென்று இந்தச் சபையைத் தொடங்கினார்கள். 1884-இல் அவர்கள் கட்டிய தேவாலயத்தை 1908-இல் இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டது நகர நிர்வாகம். இடித்தார்கள். இடித்த இடத்திலேயே 1911-க்குள் இப்போதுள்ள கட்டடத்தை எழுப்பினார்கள். வரைந்தவர் வாலஸ் ரேஃபீல்ட், டஸ்கீகி கல்லூரியில் பாடம் சொன்ன கறுப்பினக் கட்டடக் கலைஞர். கட்டியவர்கள் விண்டம் சகோதரர்கள், அவர்களும் கறுப்பினத்தவர்கள். செலவு 26,000 டாலர். ரேஃபீல்டை உலகம் எவ்வளவு சுத்தமாக மறந்திருந்தது என்றால், அவருடைய வரைபட அச்சுத் தகடுகள் 1993-இல் ஒரு பழைய கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தன.

முகப்பின் இரு புறமும் சதுரக் கோபுரங்கள், நடுவே அகலமான படிக்கட்டு, அதன் மேல் வளைவுகள். ரோமனெஸ்க் பாணியில் பைசாண்டியச் சாயல் கலந்தது என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடித்தளம். வழிபாட்டு மண்டபத்துக்குக் கீழே ரேஃபீல்ட் ஒரு பெரிய கூடத்தை வைத்தார். நகரத்தின் அரங்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாத காலம் அது. ஆகவே சொற்பொழிவு, கச்சேரி, பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் தேவாலயம்தான் இடம். அறிஞர் டு பாய்ஸும் பாடகர் பால் ரோப்சனும் இங்கே வந்து நின்றார்கள். 1963 மே மாதம் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் அணியணியாக வெளியே நடந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். எதிரே இருக்கும் கெல்லி இங்ரம் பூங்காவில் தீயணைப்புக் குழாய்களும் போலீஸ் நாய்களும் அவர்களுக்காகக் காத்திருந்தன.

அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு. அடித்தளத்தில் பெண்களுக்கான ஓய்வறை. டெனிஸ் மெக்நேருக்கு வயது 11. தன் கவுனின் இடுப்பு நாடாவைக் கட்டிவிடச் சொல்லி ஆடி மே காலின்ஸிடம் திரும்பி நிற்கிறாள். சிந்தியா வெஸ்லியும் கரோல் ராபர்ட்சனும் பக்கத்தில். ஆடி மேயின் தங்கை சாரா, வயது 12, கை கழுவும் தொட்டியருகே நின்று அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணி 10:22. வெளிப்படிக்கட்டின் அடியில் வைத்திருந்த டைனமைட் வெடித்தது. அந்த முடிச்சு விழுந்ததா என்று சாராவுக்குத் தெரியாது. கண்ணாடிச் சில்லுகள் முகமெல்லாம் குத்தி, வலது கண் போயிற்று.

அரசுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், குண்டு வைத்தவர்கள் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள்தானே என்று கேட்பவர்கள் இங்கே உண்டு. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், முதல் தரமான சவ அடக்கங்கள் சில தேவை என்ற பொருளில் ஒரு பத்திரிகையிடம் பேசிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. குண்டு வைத்தவர்களில் ஒருவனான ராபர்ட் சாம்பிளிஸுக்கு அந்த ஆண்டு கிடைத்த தண்டனை, அனுமதியின்றி டைனமைட் வைத்திருந்ததற்காக 100 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும். மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1968-இல் கோப்பை மூடியது. மாநில அட்டர்னி ஜெனரல் பில் பாக்ஸ்லி பிடிவாதமாக வழக்கைத் திறந்ததால் 1977-இல் சாம்பிளிஸ் கொலைக்குற்றவாளியானான். பாக்ஸ்லியின் நேர்மையை மறுப்பதற்கில்லை. மற்ற இருவருக்குத் தண்டனை 2001-லும் 2002-லும்தான். நான்காமவன் மேல் வழக்கே இல்லை, 1994-இல் செத்துப்போனான்.

இதற்கிடையில் கட்டடம் மட்டும் மளமளவென்று தேறியது. 1964 ஜூனில் மறுபடி திறந்தார்கள். 2006-இல் தேசிய வரலாற்றுச் சின்னம். 2017-இல் ஒபாமா அறிவித்த நினைவுச் சின்ன வளாகத்தில் சேர்ப்பு. 2018-இல் அலபாமா சுற்றுலாத் துறை முன்னின்று தொடங்கிய சிவில் உரிமைப் பாதையில் முக்கிய நிறுத்தம். இறந்த நால்வருக்கும் 2013-இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம். இவை ஒவ்வொன்றும் நியாயமானவை, நான் எதிர்க்கவில்லை. ஆனால் சாரா வார்ப்பாலைகளில் வேலை பார்த்தார், பிறர் வீடுகளைச் சுத்தம் செய்தார், மருத்துவச் செலவைத் தானே சுமந்தார். கண்ணாடித் துண்டு இன்னும் உடம்பில் இருக்கிறது.

2020 செப்டம்பரில்தான், அதுவும் அவருடைய வழக்கறிஞர்கள் கடிதம் எழுதிய பிறகு, ஆளுநர் கே ஐவி கடிதம் வழியாக மன்னிப்புக் கேட்டார். 57 ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தாளோடு சல்லிக்காசு வரவில்லை. இழப்பீட்டுப் பேச்சைச் சட்டமன்றத்தின் வழக்கறிஞர்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். 2023-இல் அறுபதாம் ஆண்டு நினைவு நாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சனே தேவாலயத்துக்கு வந்து பேசினார். அன்றும் சாரா இழப்பீடு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உபசாரம் செய்துவிட்டு இலை போடாமல் அனுப்புவதற்குப் பெயர் என்ன?

முன்மாதிரி இல்லை என்ற சாக்கும் செல்லாது. பக்கத்து ஃபுளோரிடாவில் 1923-இல் ரோஸ்வுட் என்ற கறுப்பின ஊரே எரிக்கப்பட்டது. உயிரோடு எஞ்சியவர்களுக்குத் தலா 1,50,000 டாலர் கொடுக்க அந்த மாநிலச் சட்டமன்றம் 1994-இல் சட்டம் போட்டது. எழுபது ஆண்டு ஆனதைக் காரணம் காட்டி அவர்கள் தட்டிக் கழிக்கவில்லை.

இதையெல்லாம் ஒரு தமிழ் இதழுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அதற்கு என் பதில் அந்தத் தேவாலயத்திலேயே இருக்கிறது. மாடத்தில், வாசலுக்கு மேலே, நீலம் ஓங்கிய ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. இரு கைகளையும் விரித்த கறுப்புக் கிறிஸ்து. ஒரு கை அநீதியைத் தள்ளுகிறது, மறு கை மன்னிப்பை நீட்டுகிறது. வேல்ஸ் நாட்டுக் கலைஞர் ஜான் பெட்ஸ் செய்தது. குண்டுவெடிப்புச் செய்தியை அறிந்து கார்டிஃப் நகரின் ‘வெஸ்டர்ன் மெயில்’ ஆசிரியரை அவர் அழைத்தார். பத்திரிகை வாசகர்களிடம் நிதி கேட்டது. பணக்காரர் ஒருவரே மொத்தத்தையும் கொடுத்துவிடக் கூடாதென்று ஆளுக்கு அரை கிரவுனுக்கு மேல் வாங்க மறுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். 1965-இல் ஜன்னல் வந்து சேர்ந்தது. பர்மிங்காம் எந்தத் திசையில் இருக்கிறதென்று அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே கேட்கிறேன். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட்டு, சாரா காலின்ஸ் ருடால்ஃப் என்ற பெயரையும் அச்சிடுங்கள். இங்கே வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் எழுதட்டும். ஆண்டின் முதல் மாதங்களில் மான்ட்கோமரியில் சட்டமன்றம் கூடும்போது எழுதினால் அலுவலகத்தில் யாராவது படிக்கவாவது செய்வார்கள். மின்னஞ்சலைவிடத் தாளில் எழுதுவது நல்லது. ரோஸ்வுட் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நான் எழுதியதற்கு, அக்கறைக்கு நன்றி என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்திருக்கிறது. அடுத்த கடிதத்தில் தேதியும் தொகையும் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
ஹன்ட்ஸ்வில், அலபாமா