கூரைக்கு அடியில் குடியிருப்போருக்கும் மானியம்

கோரிக்கை மனு

பெறுநர்: மாண்புமிகு அமைச்சர், எரிசக்தி மாற்றம் மற்றும் நீர் உருமாற்ற அமைச்சு, புத்ராஜெயா
நகல்: வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு, எரிசக்தி ஆணையம், சிலாங்கூர் மாநில அரசு, சுபாங் ஜெயா மாநகர் மன்றம்
அனுப்புவோர்: ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரக் குடியிருப்பாளர் சங்கத்தினர்
பொருள்: குறைந்த விலை வீடுகளில் மின்சிக்கனச் சீரமைப்புக்கு மானியம் வேண்டுதல்

மாண்புமிகு ஐயா,

ஸ்ரீ கெம்பாங்கான், செர்டாங் ராயா, பாலகோங் சுற்றுவட்டாரத்தின் குறைந்த விலை அடுக்குமாடிகளிலும் தரை வீடுகளிலும் குடியிருப்போர் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். எங்களில் பலர், தோட்டங்கள் கைமாறியபோது லயங்களைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். சிலர், 1950களின் அவசரகாலத்தில் உருவான செர்டாங் புதுக் கிராமத்தின் பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். மின்கட்டணத்தில் இன்னொரு சலுகை கேட்டு நாங்கள் வரவில்லை. வெப்பம் வீட்டுக்குள் இறங்காமலும் மின்சாரம் வீணாகாமலும் இருக்க ஒருமுறை செய்து தரும் உதவியைக் கேட்கிறோம். அப்படிப்பட்ட மானியங்கள் நாட்டில் இருக்கின்றன. எங்கள் மாடிப்படி ஏறித்தான் வருவதில்லை.

2024 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கிய சோலாரிஸ் திட்டத்தில், கூரையில் சூரியத் தகடு பொருத்திய வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி வீதம் 4,000 வெள்ளி வரை அரசாங்கம் தந்தது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 4,000 வெள்ளியைப் பெற, அதைப் போல் பல மடங்கு பணத்தை முதலில் சொந்தமாகப் போட வேண்டும். சொந்தக் கூரையும் வேண்டும். அடுக்குமாடியில் கூரை யாருக்கும் தனிச் சொத்தல்ல. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது பொதுச்சொத்து, ஜேஎம்பி என்று நாம் அழைக்கும் கூட்டு நிர்வாகக் குழுவின் பொறுப்பு. பராமரிப்புக் கட்டணம் பாக்கி விழுந்து மின்தூக்கியைப் பழுதுபார்க்கவே திணறும் குழுக்கள் சூரியத் தகட்டுக்கு எங்கே போகும்? 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சூரிய மின்திட்டத்தின் பெயர் சோலார் அத்தாப். மலாயில் அத்தாப் என்றால் கூரை. பாட்டன் காலத்து அத்தாப்புக் கூரை எல்லோருக்கும் நிழல் தந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது, மின்சிக்கனப் பொருள்களுக்குக் கழிவு தரும் சேவ் திட்டம். 2011இல் தொடங்கி, 2021இல் 2.0 ஆகத் திரும்பி வந்து, பின்னர் 3.0, 4.0 என்று தொடர்ந்தது. 2.0இல் நான்கு அல்லது ஐந்து நட்சத்திர மின்சிக்கனத் தரமுள்ள குளிர்பதனப் பெட்டியோ ஏர்கோனோ வாங்கினால் 200 வெள்ளி கழிவு கிடைத்தது. இதிலும் சிக்கல் எங்கள் பக்கமே அதிகம். முதலில் வருவோருக்கு முதலில் என்பதால், இணையமும் கையில் ரொக்கமும் உள்ளவர்கள் முந்திக்கொண்டார்கள். கழிவு தெனாகா நேஷனல் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. வாடகை வீட்டில் அந்தக் கணக்கு பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அதைவிட, ஐந்து நட்சத்திரப் பெட்டியின் மிச்ச விலையை ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர் என்ன செய்வார்? பழைய பொருள் கடைக்குப் போவார். எங்கள் உறுப்பினர் ஒருவர் அப்படித்தான் மலிவாக ஒரு பெட்டி வாங்கினார். கதவின் ரப்பர் இளகிப்போய், மோட்டார் இரவு பகலாக நிற்காமல் ஓடியது. பெட்டியில் மிச்சம் பிடித்த பணம் சில மாதங்களில் மின்கட்டணமாகப் போய்விட்டது.

இவை இரண்டையும் விட முக்கியமான ஒன்று, கூரையின் வெப்பத்தடுப்பு, இந்தத் திட்டங்களில் இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுதும் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் மேலிருந்து விழுகிறது. சுவரைவிடக் கூரைதான் அதிகம் காய்கிறது. குறைந்த விலை அடுக்குமாடியின் கடைசி மாடியில், மெல்லிய தகட்டுக்கும் கூரைப் பலகைக்கும் இடையே பல இடங்களில் வெற்றுக் காற்றுதான். இரவு பத்து மணிக்குக் காற்றாடியைப் போட்டால் மேலே தேங்கிய சூடு தலையில் இறங்குகிறது. லயத்தில் கொசு இருந்தது, ஆனால் சூடான சுவரில் கைவைத்துத் தூங்கியதில்லை என்று எங்கள் மூத்தவர்கள் சொல்கிறார்கள். 2016 ஏப்ரலில் எல் நினோ வெயிலுக்கு பெர்லிஸ், கெடா பள்ளிகளை மூடினார்கள். வீட்டை மூடிவிட்டுப் போக இடம் ஏது?

புதிய கட்டடங்களின் கூரை வழியே வெப்பம் கடப்பதற்கு, சீரான கட்டடத் துணைவிதிகளின் 38ஏ விதி வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் வீடுகள் அதற்கு முன்பே எழும்பியவை. 650 சதுர அடி வீட்டின் கூரைக்கடியில் அலுமினியப் படலமும் பாறைப் பஞ்சும் விரிப்பது, அல்லது மேலே வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, பெரிய பொறியியல் வேலை அல்ல. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையையே கொண்டுவந்து, அரசு கட்டும் ஏழை வீடுகளையும் அதற்குள் சேர்த்தது. சிங்கப்பூர் 2024 ஏப்ரல் முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு ஒவ்வொன்றுக்கும் 300 சிங்கப்பூர் வெள்ளி பற்றுச்சீட்டு கொடுத்தது. மின்சிக்கனக் குளிர்பதனப் பெட்டியையும் எல்இடி விளக்கையும் வாங்கும்போது, பற்றுச்சீட்டின் தொகை கடையிலேயே விலையில் கழிகிறது. அந்த முறையைத்தான் நாங்கள் முன்வைக்கிறோம்.

கணக்கு பார்ப்போம். 2025 ஜூலை 1இல் வந்த புதிய கட்டணத்தில், 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சிக்கன ஊக்கத்தொகை உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். பயன்பாடு ஏற ஏறக் கழிவு சுருங்கும். அந்தந்தப் படியின் கழிவு மொத்த யூனிட்டுக்கும் பொருந்துவதால், 420 யூனிட் எடுக்கும் வீட்டுக்கு ஏறத்தாழ 126 வெள்ளி வரும். அதுவே 340 யூனிட் என்றால் ஏறத்தாழ 80 வெள்ளிதான், எரிபொருள் சரிக்கட்டும் கட்டணமும் இதர வரிகளும் நீங்கலாக. 80 யூனிட் குறைத்தால் 46 வெள்ளி மிச்சம். கட்டண முறை சிக்கனத்துக்குப் பரிசு தருகிறது. சிக்கனத்துக்கான கருவியோ கூரையோ எங்களிடம் இல்லை. பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு தரப்படுகிறது. அது தொடர வேண்டும். ஆனால் ஆண்டுக்கு 480 வெள்ளி வரை ஒழுகும் பாத்திரத்தில் ஊற்றப்படுகிறது. ஓட்டையை அடைக்க யாரும் ஒருமுறை செலவழிப்பதில்லை.

ஆகவே, எங்கள் முதற்கோரிக்கை கூரை பற்றியது. குறைந்த விலை அடுக்குமாடிகளின் கூரைச் சீரமைப்புக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் பராமரிப்பு நிதியும் மாநிலத்தின் செரியா திட்டமும் பணம் தருகின்றன. இனி அந்த நிதியில் மாற்றப்படும் ஒவ்வொரு கூரைக்கும் வெப்பத்தடுப்பும் வெளிர்நிறப் பூச்சும் கட்டாயமாக இருக்கட்டும். சாரம் கட்டி ஆட்கள் மேலே ஏறிய பின், கூடுதல் செலவு சிறிது. தரை வீடுகளுக்கும் புதுக் கிராமத்துத் தகரக் கூரைகளுக்கும் இதற்கெனத் தனி மானியம் வேண்டும். வீட்டுக்காரர் அதைப் பெற்றால், குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையும் வேண்டும்.

சேவ் போன்ற கழிவுகள் அடுத்த முறை வரும்போது, குறைந்த வருமான பி40 குடும்பங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். கழிவு கடையிலேயே விலையில் குறையட்டும். மிச்ச விலையை மின்கட்டணத்தோடு சேர்த்துத் தவணையில் செலுத்த வழி செய்யுங்கள். மின்கணக்கு இல்லாத வாடகையாளர், மைகார்டும் வாடகை ஒப்பந்தமும் காட்டினால் போதும் என்று ஆக்குங்கள். பழைய பெட்டியைத் திரும்ப எடுத்து அழித்துவிட வேண்டும். இல்லையேல் அது மறுவாரமே பழைய பொருள் கடையில் இன்னொரு ஏழைக்காகக் காத்திருக்கும். விண்ணப்பமும் விளக்கமும் தமிழிலும் சீனத்திலும் கிடைக்க வேண்டும்.

அடுக்குமாடிக் கூரையில் கூட்டாகச் சூரியத் தகடு அமைத்து, மின்தூக்கிக்கும் நடைபாதை விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் பயன்படுத்த, கூட்டு நிர்வாகக் குழுக்களின் பெயரில் மானியம் ஒன்றையும் கோருகிறோம். பொதுமின்கட்டணம் இறங்கினால் பராமரிப்புப் பாக்கியும் ஓரளவு இறங்கும்.

2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பெரிய கட்டடங்களுக்கு அதில் தணிக்கைக் கடமை இருப்பதுபோல், எங்கள் வட்டாரத்தில் சில அடுக்குமாடிகளையாவது எரிசக்தி ஆணையம் இலவசமாகத் தணிக்கை செய்து முன்மாதிரித் திட்டமாக நடத்தலாம். வீடுகளைத் திறந்துவிடவும் மின்கட்டண ரசீதுகளைத் தரவும் எங்கள் உறுப்பினர்கள் தயார்.

இவை குறித்துப் பேச எங்களுக்கு நேரம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதானால், காலை நேரத்தைத் தவிர்த்து, பிற்பகல் மூன்று மணிக்கு, கடைசி மாடிக்கு வருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
ஸ்ரீ கெம்பாங்கான், சிலாங்கூர்