கூண்டு எண்ணும் மங்கல் தருக்கமும்

புயல் காலத்தில் புதுவைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண், கதிர்காமத்தில் அமர்ந்து நாளிதழ் படிக்கும் நமக்கு வெறும் செய்தி. சரக்குக் கப்பலை அனுப்புவதா, நிறுத்துவதா என்று தீர்மானிப்பவருக்கோ அது பெரும் பொறுப்பு. 1965இல் லோத்ஃபி ஸாதே முன்வைத்த கணக் கோட்பாட்டிலிருந்து வளர்ந்த ஃபஸ்ஸி லாஜிக், அதாவது மங்கல் தருக்கம், இங்கே துணைக்கு வருகிறது. ‘ஓரளவு கொந்தளிப்பு’, ‘சற்றே தாமதம்’ போன்ற சொற்களுக்கு 0க்கும் 1க்கும் இடையே மதிப்பளித்து, விதிகளால் கோத்து முடிவை எட்டுகிறது.

ஆனால், ஆபத்தின் மதிப்பு 0.6 என்பதற்காகக் கப்பல் பாதி புறப்பட இயலாது. எவருடைய ‘ஓரளவு’ அது என்பதே கேள்வி. சரக்குக்காரருக்குத் தாமதம் பெரிது. மாலுமிக்கு அலை பெரிது. விதிகளை எழுதும் மேசையில் மாலுமிக்கும் ஓர் இருக்கை வேண்டும்.