இமைக்க மறந்த கண்கள்

தேவர்களுக்கு இமையவர் என்று ஒரு பெயர் உண்டு. கண் இமையாதவர் என்பது அதன் பொருள். தமயந்தியின் சுயம்வர மண்டபத்திலே தேவர் நால்வர் நளனைப் போலவே உருக்கொண்டு வந்தமர்ந்தபோது, இமைக்கும் கண்களைக் கண்டன்றோ அவள் மானிடனாகிய நளனை இனங்கண்டு மாலையிட்டாள்! அந்தத் தமயந்தி இன்று மாலைவேளையில் நம்மவர் இல்லங்களுக்குள் எட்டிப் பார்ப்பாளாயின் பெரிதும் மயங்கிப் போவாள். விறாந்தையிலே கைத்தொலைபேசியுடன் தந்தையார். அறையிலே கணினியுடன் மூத்த மகள். பாயிலே குப்புறக் கிடந்து இன்னொரு தொலைபேசியுடன் இளைய மகன். ஒருவராவது இமைப்பதாகத் தெரியவில்லை.

இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. 1993ஆம் ஆண்டிலே ட்சுபோட்டா, நகாமோரி என்னும் ஜப்பானிய ஆய்வாளர் இருவர் 104 அலுவலர்களின் கண்களை அவதானித்தனர். ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்குச் சராசரி 22 முறை இமைத்த அவர்கள், புத்தகம் வாசிக்கையில் 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கையில் 7 முறையுமே இமைத்தனர். அன்றியும், புத்தகத்தை நாம் கீழ்நோக்கி வாசிப்பதால் மேலிமை கண்ணின் பெரும்பகுதியை மூடி நிற்கிறது. மேசைமேல் நிமிர்ந்து நிற்கும் திரையைப் பார்க்கும்போதோ கண் அகலத் திறந்து காற்றுக்கு இலக்காகிறது.

இமைத்தல் ஏன் இத்துணை முக்கியம்? கருவிழியின் மேலே மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று எப்பொழுதும் பரவியிருக்கிறது. அடியிலே கண்ணோடு ஒட்டும் வழுவழுப்பு, நடுவிலே நீர், மேலே நீர் ஆவியாகிவிடாமற் காக்கும் எண்ணெய். அந்த எண்ணெயைச் சுரக்கும் சிறு சுரப்பிகள் இமையின் விளிம்பிலே வரிசையாக உள்ளன. 1666ஆம் ஆண்டிலே அவற்றை விவரித்த ஜெர்மானிய வைத்தியர் மைபோமின் பெயராலேயே அவை வழங்குகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இப்படலம் புதிதாகப் பூசப்படுகிறது. இமைக்க மறந்தால் அது ஆங்காங்கே கிழிந்து உலர்கிறது. மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், எரிவு, சிவப்பு, எழுத்து மங்கித் தெளிதல் எல்லாம் அதன் விளைவே. சிலருக்குக் கண்ணீர் தாரையாக வடியும். கண் உலர்ந்தது என்கிறார் வைத்தியர், எனக்கோ நீர் கொட்டுகிறதே என அவர்கள் ஐயுறுவர். உறுத்தலுக்கு ஆற்றாது கண் சொரியும் நீர் அது. படலமாக நிலைத்து நிற்கும் நீர் அன்று.

சோளகக் காற்று புழுதியை வாரியிறைக்கும் மாதங்களிலே, முகத்துக்கு நேரே மின்விசிறியையும் சுழலவிட்டுத் திரைமுன் அமர்பவர்க்குத் துன்பம் இரட்டிப்பாகும். விசிறியைத் திருப்பி வைத்தலும், திரையைக் கண்மட்டத்திற்குச் சற்றுத் தாழ்த்தி ஒரு கை நீளத்திற்கு அப்பால் வைத்தலும் செலவில்லாத வைத்தியங்கள். 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 வினாடி நோக்கி, நன்கு மூடித் திறந்து இமைத்தல் வேண்டும். முற்றத்து மாமரம் போதும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று விலை கூட்டி விற்கப்படுவதை வாங்குவோர்க்கு ஒரு சொல். 17 பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2023இல் வெளியான கொக்ரேன் அறிக்கை, அதனாற் கண் களைப்புக் குறைவதற்குத் தக்க சான்றைக் காணவில்லை. மருந்துக்கடையிலே தாமாகச் சொட்டுமருந்து வாங்கி விடுவதோ ஆபத்தானது. சில சொட்டுமருந்துகளிலுள்ள ஸ்டீரொயிட், நாட்பட்டால், கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே பறித்துவிடும்.

உலர்ச்சி திருத்தக் கூடியது. வளரும் பிள்ளையின் கிட்டப்பார்வை அத்தகையதன்று. அங்கே விழிக்கோளமே முன்பின்னாக நீண்டுவிடுகிறது. வளர்ந்தவரின் விழி ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமுடையது. அதில் ஒரு மில்லிமீற்றர் மிகுந்தாலே தூரத்துப் பொருள் நன்கு மங்கிவிடும். நீண்ட விழி மீண்டும் குறுகுவதில்லை. மிக நீண்டால், பிற்காலத்தில் விழித்திரை கிழியவும் கழலவும் கூடும்.

இதற்கெல்லாம் கைத்தொலைபேசியே காரணம் என்பது பெற்றோர் பலரின் முடிவு. 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டுச் சிறு திரையிலே பாடம் நடந்த காலம் முதல் இந்த எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், திரையோ புத்தகமோ, கிட்டவைத்து நெடுநேரம் பார்த்தல் ஒரு பங்கு. பகல் வெளிச்சத்தைக் காணாதிருத்தல் மற்றொரு பங்கு. சீனாவின் குவாங்சோ நகரிலே 12 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து, அவற்றுட் பாதியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டனர். மூன்றாண்டின் பின் அவர்களுள் 100க்கு 30 பேருக்கும், மற்றைப் பாடசாலைகளில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்கும் கிட்டப்பார்வை உண்டாகியிருந்தது. முடிவு 2015இல் வெளியாயிற்று. மரநிழலும் போதும், அங்குள்ள வெளிச்சங்கூட வகுப்பறையினதைக் காட்டிலும் பல மடங்கு.

இதைச் சொன்னால் எம் சக ஆசிரியர் சிலர் முகஞ்சுளிப்பர்: பாடசாலை முடிந்ததும் புலமைப்பரிசில் வகுப்பு, அது முடிய வேறொரு தனியார் கல்வி நிலையம் என்று ஓடும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வெயில் எங்கே, விளையாட்டு எங்கே? தொலைபேசியைப் பறித்துவிட்டுப் பிள்ளையை மாலை ஆறு மணிவரை குழல்விளக்கின் கீழ் அமர்த்துவதால் அதன் கண்ணுக்கு யாது நன்மை?

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கண்ணாடி போட்டால் கண் மேலும் கெட்டுவிடும் என்பர். பெண்பிள்ளையாயின் கலியாணப் பேச்சையும் இழுப்பர். மலேசியாவிலே, வேண்டியதிலும் குறைந்த வலுவுடைய கண்ணாடி அணிந்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக அன்றி விரைவாகவே வளர்ந்தது என 2002இல் ஓர் ஆய்வு காட்டிற்று. சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பின் கடைசி வாங்கிலே ஒரு மாணவன் இருந்தான். கணிதத்தில் மந்தன் என்று பெயரெடுத்தவன். எப்பொழுதும் பக்கத்திலிருப்பவனின் கொப்பியைப் பார்த்தே எழுதுவான். பாடசாலை வைத்திய பரிசோதனையிலே குறை தெரிந்து, வீட்டாரும் ஒருவாறு இணங்கிக் கண்ணாடி அணிந்து வந்த அன்று அவன் சொன்னது: "வேப்பமரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன, சேர்!" அதுவரை மரம் என்பது பச்சைப் புகைபோன்ற ஒன்றென்றே அவன் எண்ணியிருந்தான். அவ்வாண்டு இறுதியிலே கணிதத்திற் சித்தியும் எய்தினான்.

இத்தகைய பிள்ளை தன் குறையைத் தானாகச் சொல்லாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறதென்று நம்பியிருக்கும். ஒரு கண் நன்றாயிருந்து மறுகண் மங்கினாலோ பெற்றோரும் அறியார். ஆகவே சுவரிலே நாட்காட்டியைத் தொங்கவிட்டு, 20 அடி தள்ளிப் பிள்ளையை நிறுத்தி, முதலில் ஒரு கண்ணையும் பின் மறு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்தாது மூடச்செய்து திகதிகளை வாசிக்கக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியும் எழுத்து அதற்குத் தெரியவில்லையாயின், அல்லது இரு கண்ணுக்கும் வேற்றுமை இருப்பின், அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி கிடைத்த பிள்ளையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் காட்டுதல் வேண்டும். உடல் வளருமட்டும் அந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும்.